வாய் படாத புல்

9-11-1964

விடியற்காலையிலிருந்து மழை. குடையைத் தேடிப் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். குடை அதில் இல்லை. என் பழைய காக்கி அரைக்கால் சட்டை இருந்தது. ஐம்பத்துமூன்றில் மருங்காபுரிப் பக்கம் மேய்ச்சல் நிலத்தைத் திருத்தும் திட்டத்துக்கு என்னைக் கள உதவியாளனாக அனுப்பியபோது தைத்தது. பையில் கையை விட்டால் ஒரு பித்தளைச் சாவியும், துணியில் ஒட்டிக்கொண்டு நாலைந்து புல் விதையும்.

வேதவதி எட்டிப் பார்த்தாள். "இதைப் போட்டுண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வருவேள். உத்தர வீதியே வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கும்" என்றாள். கல்யாணமான புதிது அப்போது. இன்று போட்டுப் பார்த்தேன். தொடைக்கு மேல் ஏறவில்லை.

11-11-1964

சாவியைப் பேனா ஸ்டாண்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாலே அந்த ஐம்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஞாபகம் வருகிறது.

முதல் நாள் அங்கே போனபோது அழகம்மாளைக் கண்டேன். ஐம்பது செம்மறி வைத்திருந்தாள். புருஷன் இல்லை. என் வயதுதான் இருக்கும். அதிகாரத் தோரணையில், "இங்கே என்னம்மா நன்றாக வரும்?" என்று கேட்டேன். "கொழுக்கட்டைதாங்க சாமி" என்றாள். அன்று ஏகாதசி, நான் பட்டினி. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து எரிந்து விழுந்தேன். கொழுக்கட்டைப் புல் என்று ஒன்று இருப்பதே மறுநாள்தான் தெரிந்தது. எனக்குக் கொடுத்த புத்தகத்தில் அதற்கு லத்தீனில் பெயர் போட்டிருந்தார்கள்.

அவள் காட்டிய சரிவில்தான் முதல் மழைக்குப் புல் தூர் நட்டோம். கிளுவைப் போத்து ஊன்றி வேலி கட்டினோம். நிலத்தை மூன்று பாகமாகத் தடுத்து, ஒரு பாகத்தில் ஆடு மேய்ந்தால் மற்ற இரண்டுக்கும் ஓய்வு. இரண்டே வருஷம்தான். வெறும் செம்மண்ணாகக் கிடந்த இடத்தில் கணுக்கால் மறைய நடந்தேன். மழை விட்ட மறுநாள் அங்கே வரும் வாசனையை இந்த ஆபீஸ் காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எத்தனை தடவை நினைத்திருப்பேன். அந்த இரண்டு வருஷம் மாதிரி சந்தோஷமாக நான் பிறகு வேலை பார்த்ததில்லை.

13-11-1964

நினைத்தது போதாதென்று அந்த ஐம்பது ஏக்கரே இன்று ஃபைலாகி என் மேஜைக்கு வந்துவிட்டது.

நிலத்தை உழுது தைலமரக் கன்று நட யோசனை. ஆடுமாடு உள்ளே போகாமல் சுற்றிலும் கம்பி வேலி. அமிர்தராஜ் சார் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் செக்ஷனுக்குத் தலைவர், வார்த்தையைச் செலவழிக்காத மனிதர். "வரதராஜன், நீங்க இருந்த இடம்தானே. ஆட்சேபம் இல்லைன்னு ரெண்டு வரி எழுதி முப்பதாம் தேதிக்குள்ள கொடுங்க."

ஆதாரமாக ஐம்பத்தாறாம் வருஷத்து அறிக்கை ஒன்றை இணைத்திருக்கிறார்கள். 'இம்மண்ணில் புல் நிலைக்காது.' சிவப்பு மையில் அடிக்கோடு. கீழே கையெழுத்து என்னுடையது.

14-11-1964

எழுதவில்லை. வயிறு சரியில்லை என்று வேதாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

15-11-1964

இந்த நோட்டிலாவது நடந்ததை எழுதுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

ஐம்பத்துநாலு கடைசியில், மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. புல் இடுப்பளவு நின்றால் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, எனக்கேதான் தோன்றியது. ஆடுகளையெல்லாம் வெளியேற்றி, வாசல் படலுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். வருகிறோம் வருகிறோம் என்று அவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். நானும் பூட்டைத் திறக்கவில்லை.

அழகம்மாள் மூன்று தடவை வந்து கேட்டாள். "ஒரு பாகத்தையாவது தொறந்து விடுங்க சாமி. எனக்காகச் சொல்லலே. புல்லுக்கு வாய் படணும். படலேன்னா செத்துப்போயிடும்."

"எச்சில் பட்டால் தழைக்கிற வஸ்து உலகத்தில் உண்டா?" என்று சிரித்தேன். குழாயடியில் ஒரு குடம் இன்னொரு குடத்தை உரசினால் திரும்ப அலம்பும் வீட்டில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வேன்? அவள் ஆடுகளை விராலிமலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். ஐம்பதில் இருபதுதான் திரும்பின.

வந்தவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த மழைக்குத் தூர்கள் பச்சை கட்டவில்லை. நடுவெல்லாம் சாம்பல் நிறம். கையால் இழுத்தால் வேரோடு வந்தது. பூட்டினது என் தப்பு என்று எழுதக் கை வரவில்லை. பழியை மண்மேல் போட்டேன். மாற்றலும் வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன், சாவியைக்கூடக் கொடுக்காமல்.

மண் என்ன பாவம் செய்தது? அவள்தான் என்ன செய்தாள்?

18-11-1964

வேதாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் அவள் கேட்டது:

"இப்போ நிஜத்தை எழுதினா வேலை போயிடுமா?"

"வேலை போகாது. ப்ரமோஷன் போகும்."

"அது இன்னும் வரவேயில்லையே, போறதுக்கு" என்றாள். பிறகு, "முதல்ல ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்கோ. நிஜமாவே புல் இல்லேன்னா அந்த ரெண்டு வரியை எழுதிக் கொடுத்துடலாம்."

புல் இருக்கக்கூடாது என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொள்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

22-11-1964, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போனேன். கடைசி இரண்டு மைல் நடை. வழி மறக்கவில்லை. கரட்டு மேட்டைத் தாண்டித் திரும்பினதும் நின்றுவிட்டேன். பச்சை. அந்தச் சரிவு முழுவதும் பச்சை. கொழுக்கட்டைதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கிளுவை ஆளுயரம் வளர்ந்து மூன்று பாகமாக அப்படியே நிற்கிறது. கீழ்ப் பாகத்தில் மட்டும் ஆடுகள். அழகம்மாள் தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "அரைக்கால் சட்டையைக் காணோமே சாமி" என்றாள்.

புல் எப்படித் திரும்பியது என்று கேட்டேன். "நீங்க போனப்புறம் படலைக் கழட்டிட்டு உள்ள விட்டோம். ஆடு சருகையெல்லாம் தின்னு, மிதிச்சுப் போட்டுச்சு. ஓரத்துல இருந்த தூரு பிழைச்சுக்கிச்சு. மேல சருகு நின்னா கீழ இருக்கிற குருத்துக்கு வெளிச்சம் ஏதுங்க? அதான் அப்பவே சொன்னேன்."

"மூன்று பாகம் அப்படியே இருக்கிறதே?"

"அது நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே. அதுக்கு முன்னாடி நாங்க எல்லாத்தையும் ஒண்ணா மேயவிட்டு மொட்டையாக்கிட்டிருந்தோம். ஊரு ஆடு மொத்தமும் இப்ப முறை வெச்சுத்தான் மேயுது. பூட்டு மட்டும் போடறதில்லே."

தைலமரம் விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள். "இருநூறு உருப்படி இருக்குங்க ஊருல. எங்க ஓட்டிட்டுப் போறது?" என்றாள். அந்த அறிக்கை நான் எழுதினது என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நீங்களே மாத்தி எழுதலாமில்லே?" என்று மட்டும் கேட்டாள்.

சாவியைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, நல்ல பித்தளை என்று சொல்லி, மந்தையின் முன்னால் போகும் கிடாவுக்குக் கழுத்து மணியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அவள் கொடுத்த கம்மங்கூழை அவள் சட்டியிலேயே குடித்தேன். வேதாவிடம் இது ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அகத்துக்கு வந்ததும், வேஷ்டியெல்லாம் புல் விதை என்று வேதா என்னைக் கொல்லையில் நிறுத்திவைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

24-11-1964

ஆறு பக்கம் எழுதினேன். முதல் வரி: 'வாய் படாத புல் நிலைக்காது, மண்ணில் குறையில்லை.' படலைப் பூட்டியது யார், எதற்காக, எவ்வளவு காலம் என்பதும் இருக்கிறது.

அமிர்தராஜ் சார் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர், மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல, தன் ரிப்போர்ட்டைத் தானே தப்புன்னு எழுதற ஆளை நான் பார்த்ததில்ல. இது உங்க சர்வீஸ் புஸ்தகத்துல நிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"வாய் படறதுன்னு இப்படியேவா மேல அனுப்பறது? வேற வார்த்தை போடுங்க."

யோசித்துப் பார்த்தேன். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

8-3-1965

ப்ரமோஷன் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. விளக்கம் கேட்டு மெமோ மட்டும் தனியாக வந்திருக்கிறது.

சாயங்காலம் அகத்தில் கொழுக்கட்டை. என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, தேங்காய் மிஞ்சியிருந்தது என்றாள் வேதா.

2-8-1965

உத்தரவு எதுவும் இல்லை. டிராக்டரோடு ஆட்கள் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போனதாக அழகம்மாள் யாரையோ கொண்டு கார்டு எழுதியிருக்கிறாள். 'சாமி எழுதினீங்களா' என்று ஒரே கேள்வி. எழுதினேன் என்று பதில் போட்டேன். வேறென்ன போட?

4-12-1965

வந்துவிட்டது. ஐம்பது ஏக்கரும் மேய்ச்சல் நிலமாகவே நீடிக்கும், மூன்று பாகமாக முறை வைத்து மேய்க்க வேண்டும், எக்காலத்திலும் முழுதாக அடைக்கக் கூடாது. தைலமரம் வேறு இடத்துக்குப் போகிறது. காரணம் என்ற இடத்தில் என் முதல் வரியை அப்படியே போட்டிருக்கிறார்கள். அமிர்தராஜ் சார் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். வரும் வழியில் அழகம்மாளுக்குக் கார்டு போட்டேன்.

அகத்துக்குள் நுழையும்போதே கொல்லையில் வேதாவின் அதட்டல். போன வருஷம் என் வேஷ்டியிலிருந்து அவள் பிடுங்கிப் போட்ட விதைகள் துவைக்கிற கல் ஓரமாக முளைத்து, இந்த மழையில் முழ உயரம் நிற்கின்றன. ஒருவரையும் தொடவிடாமல் காத்து வந்தாள். கொல்லைக் கதவு திறந்திருந்ததில் பக்கத்தகத்துப் பசு உள்ளே புகுந்து தலையை விட்டிருந்தது.

"வாய் வெச்சுடுத்து, பாருங்கோ" என்று குச்சியை ஓங்கினவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உத்தரவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, தெரியாது. குச்சியைக் கல்மேல் வைத்துவிட்டு, பசு மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போக வசதியாகக் கொல்லைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள்.