வாசல் பக்கம் யார் பெயர்

ஜூலை 7, திங்கள்

என் மேசை விளக்கின் துணிக்கூட்டை எலி தின்றுவிட்டது. கம்பி மட்டும் நிற்கிறது. முப்பத்து நான்கு வருடம் மிஷன் பள்ளி அலுவலகத்தில் மாரடித்ததற்கு, ஓய்வு பெற்ற அன்று தந்தது இந்த ஒரு விளக்குதான். பிலோமினாள் தூக்கிப் போடச் சொன்னாள். பெண்டாட்டி சொன்னால் போட்டுவிடுவேனா? வீட்டில் கிடப்பதை வைத்து நானே கூடு செய்யப்போகிறேன்.

ஜூலை 9, புதன்

பரணில் ஒரு கட்டைப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள். சிலுவை போட்டது, பிள்ளையார் போட்டது எல்லாம். சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று பிலோமினாள் இருபது வருடமாகச் சேர்த்திருக்கிறாள். உள்ளே இருக்கும் மெல்லிய தாளில்தான் பெயர்கள். வெளிச்சம் நன்றாக ஊடுருவுகிறது. பெயர்களை மட்டும் வெட்டி பெவிகால் தடவி ஒட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் மகள் ஆஷ்லினின் பத்திரிகையும் கிடந்தது. அதைத் தொடவில்லை.

ஜூலை 12, சனி

மாலை ஸ்விட்சைப் போட்டேன். நாற்பது குடும்பங்கள் மஞ்சளாக எரிந்தன. ஓரத்தில் ஜரிகை லேஸ், நடுநடுவே ஜமிக்கி. எனக்கே பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி உறைமோர் வாங்க வந்தாள். நின்று படித்தாள். முகம் மாறியது.

“அண்ணே, எங்க சம்பந்தி பேரு வாசலப் பாத்து எரியுது. எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் செவுத்தப் பாத்து இருக்கு.”

உறைமோர் வாங்காமலே போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் கூடத்தில் எட்டுப் பேர். விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து படிக்கிறார்கள். ஒருவருக்குப் பட்டம் வெட்டுப்பட்டுவிட்டதாம், பி.ஏ. மட்டும் தெரிகிறது, பி.எட். காணோம். இன்னொருவருக்குத் தன் மச்சான் மேலே, தான் கீழே. பல்பு மேலேயா கீழேயா என்று குனிந்து பார்த்தார், தன் பக்கம்தான் என்றதும் கொஞ்சம் சமாதானமானார்.

ஜூலை 15, செவ்வாய்

விளக்கைத் தினமும் கால் வட்டம் திருப்புவது என்று முடிவு. எந்த நாள் யார் வாசல் பக்கம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ‘ஆட்சேபங்களை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்’ என்றும் சேர்த்தேன். பழக்கதோஷம். இருட்டுவதற்குள் ஒன்பது ஆட்சேபங்கள் வந்துவிட்டன.

ஜூலை 17, வியாழன்

மின்தடை. நிம்மதி.

ஜூலை 18, வெள்ளி

முக்கு டீக்கடை பேயாண்டி, திருமணப் பதிவுச் சான்றிதழின் ஜெராக்ஸோடு வந்தார். “ஓடிப்போயிக் கட்டுனோம்ணே. பத்திரிகைல பேரு வரவே இல்ல. இதுலயாச்சும் வரட்டும்” என்றார். எப்படி மறுப்பது? சார்பதிவாளர் முத்திரையோடு ஒட்டினேன். இப்போது சார்பதிவாளரும் எரிகிறார்.

ஜூலை 20, ஞாயிறு

சாப்பிடும்போது பிலோமினாள் கேட்டாள். “ஊர்ப்பட்ட பேரு இருக்கு. உங்க தம்பி பேரு எங்க?”

ரசம் ஊற்றச் சொன்னேன். பதிலை இங்கே சொல்கிறேன். ஆஷ்லின் பத்திரிகையில் ஒரு வரி அதிகம், பக்கத்தில் அடங்காது என்றான் அச்சகக்காரன். மற்ற யார் பெயரை எடுத்தாலும் சண்டை வரும். ஜெரால்ட் நம்ம ஆள்தானே, கூடப் பிறந்தவன் கோபித்துக்கொள்வானா? எடுத்துவிட்டேன். அவன் கோயிலுக்கு வந்தான், சாப்பிடாமல் போனான். அச்சுப் பிழை என்று எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. செப்டம்பரில் அவன் மகன் ஜெய்சனுக்குக் கல்யாணமாம், அடுத்தவர் சொல்லித் தெரிகிறது. நான் தூக்கி வளர்த்த பையன். கூப்பிடுவானா? கூப்பிடாவிட்டால் என்ன முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெரால்ட் வந்தான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வண்டியில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். விளக்கு சங்கதி அவன் காதுக்கும் போயிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. விளக்கை ஒரு முழு வட்டம் திருப்பி, வரி வரியாகப் படித்தான். சார்பதிவாளரையும் படித்தான்.

நான்தான் எடுத்தேன், அச்சுப் பிழை இல்லை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

“அச்சகக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னுதாண்ணே ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அழுதேன். அவன் ஹெல்மெட்டுக்குள் அழுதானா என்று தெரியவில்லை. கண்ணாடி மூடியில் ஆவி படிந்திருந்தது. பிலோமினாள் தட்டு வைத்தாள். சாப்பிட மட்டும் கழற்றினான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெய்சன் கல்யாணப் பத்திரிகையின் முதல் படியை ஜெரால்ட் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். பிழை பார்க்க வேண்டுமாம். பெயர்கள் நூற்றுப் பதினாறு. பாதிகூட அடங்காது என்கிறான் அச்சகக்காரன். எதை எடுப்பது என்று கேட்டான். செத்தாலும் ஒரு பெயரை எடுக்கமாட்டேன் என்றேன். அச்சகத்துக்கே போய் நின்றேன். எழுத்தைச் சின்னதாக்கு. இன்னும் சின்னதாக்கு. அச்சகக்காரன் கும்பிட்டான். விடவில்லை.

செப்டம்பர் 3, புதன்

நாளை கல்யாணம். பத்திரிகையை யாராலும் படிக்க முடியவில்லை. எறும்பு வரிசை போல இருக்கிறது. எந்தக் கோயில், எத்தனை மணி, எந்த மண்டபம், ஒன்றும் தெரியாமல் ஊரே போன் செய்கிறது. தப்பு உங்களுடையது, நீங்களே பதில் சொல்லுங்கள் என்று ஜெரால்ட் போனை என் கையில் கொடுத்துவிட்டான். மூன்று நாளாக அவன் வீட்டில்தான் இருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. பத்தரை மணிப் பூசை, பந்தி பன்னிரண்டுக்கு என்று சொல்கிறேன். யார் பேசுவது என்று கேட்பவர்களிடம், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.