வளையம் நின்ற இடம்

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நல்லா இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இறந்துபோனவனிடம் யாராவது இதைக் கேட்பார்களா என்றார் உன் அப்பா, சொன்னவரே விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டும் போனார். ஆறடி வளர்ந்தவனைச் சுண்டெலி என்று எழுதாதே, கூடத் தங்கியிருக்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பாய். இனி யார் படிக்கப்போகிறார்கள், ஆசை தீர எழுதுகிறேன்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை நிறைய வந்திருக்கிறது, அதில் பொழுது போகிறது. உன் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன் நெற்றிதான், அழும்போது உன்னைப்போலவே ஒரு புருவம் மட்டும் ஏறுகிறது. அவளைப் படம் எடுக்க உன் கேமராவைத் தங்கச்சி கேட்டாள். நீ வேலை பார்த்த ஊரிலிருந்து உன் பையோடு வந்தது, லென்ஸ் முழுக்க நீட்டிக்கொண்டு வந்ததால் பெட்டி மூடவில்லை, நான்தான் உள்ளே தள்ளி மூடி வைத்திருந்தேன். கொடுக்குமுன் ஒருதடவை பார்ப்போமே என்று எடுத்துக் கண்ணில் வைத்து, ஜூம் வளையத்தை அப்படியும் இப்படியும் திருப்பினேன். திருப்பத் திருப்பக் கலங்கல் மாறியதே தவிர, சுவர்க்கடிகாரம் ஈரத் துணி வழியாகத் தெரிகிற மாதிரிதான் தெரிந்தது. உன் சாமானைக் கெடுத்துவிட்டேனே என்று கடைத்தெருவில் இருக்கிற கேமரா ரிப்பேர்காரரிடம் ஓடினேன்.

அவர் பார்த்துவிட்டு, கெடலம்மா, இதோட குணமே இப்படித்தான் என்றார். உள்ளே அடுக்கடுக்காகக் கண்ணாடியாம், ஜூம் பண்ணும்போது எல்லாம் இடம் மாறுமாம். சினிமா எடுக்கிறவர்களின் விலை கூடின லென்ஸில், எப்படி மாறினாலும் தெளிவு நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்வார்களாம். இது லேசாகவும் மலிவாகவும் செய்தது, ஜூமைத் தொட்டால் ஃபோகஸையும் மறுபடி திருப்ப வேண்டுமாம். எனக்குத் தையல் மெஷின் ஞாபகம் வந்தது, மெல்லிசுத் துணிக்கு நூலை இறுக்கி வைத்துவிட்டுக் கனத்த துணியைக் கொடுத்தால் திருகாணியை மறுபடி திருகத்தானே வேண்டும். இதோ தெளிஞ்சிடும் பாருங்க என்று அவர் அந்த ஃபோகஸ் வளையத்தில் கை வைத்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ எப்போதும் அதை உன் கையால்தானே திருப்புவாய், கடைசியாக உன் விரல் விட்ட இடத்தில் அது நிற்கிறது, அதை எப்படிக் கலைக்க விடுவேன். காரணத்தைச் சொன்னேன். வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப அதைத் தொடாதீங்கம்மா. ஜூமை மட்டும் உங்க பையன் விட்ட மாதிரியே வைங்க. அவர் கடைசியா எவ்வளவு தூரத்துல பாத்தாரோ, அங்க நிக்கிறது மட்டும் தெளிவாத் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜூமைத் திருப்பி, லென்ஸை உன் பையில் வந்த மாதிரியே முழுக்க நீட்டி அப்பா கையில் கொடுத்தேன். நீ போனதிலிருந்து அந்த மனிதர் பேசுவதே அளந்துதான், அன்றைக்கு என்னைப் பட்டாளத்துக்காரனைப்போல நடக்கவிட்டார். பின்னால போ என்றார், தாண்டிட்ட, முன்னால வா என்றார், நீ என்ன ஊஞ்சலா, ஒரு இடத்துல நில்லு என்று திட்டினார். கட்டிலில் அவர் உட்கார்ந்திருக்க, அலமாரிக்குப் பக்கத்தில் நான் வந்ததும், "அசையாத, இப்பத் தெரியுற" என்றார். அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. "எவ்வளவு இளைச்சுட்ட" என்றார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அன்றைக்குத்தான் பார்த்தார். நீ கடைசியாகப் பார்த்தது எதுவோ, அது நின்ற தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், கால் நகர மனசில்லை.

உள்ளே இருக்கிற படங்களைத் தங்கச்சி பார்த்துவிட்டாள். கடைசியில் இருப்பதெல்லாம் தூரத்துப் பாலமும் மேகமும்தான், அவ்வளவு கிட்டத்தில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. நாளைக்கு அவள் வந்து கேமராவை வாங்கிக்கொள்வாள், வளையமும் திரும்பிவிடும். திரும்பட்டும் ராஜா, உன் மருமகள் முகம் தெளிவாக விழ வேண்டாமா. போன இடத்தில் குளிரும் பசியும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். அப்பா கனவில் ஒருதடவை வந்து போ, மறந்துவிடாதே, என் கனவில் வந்தாய் என்று சொன்னதிலிருந்து அவருக்குப் பொறாமை.

என்றும் உன்
அம்மா

அலமாரிக்கும் கட்டிலுக்கும் இருக்கிற தூரம்தானே கண்ணு, அவ்வளவு பக்கத்தில் யார் நின்றார்கள், ஏன் எடுக்காமல் விட்டாய்?