அலமாரியில் ஒலிக்கும் போன்

என்னங்க,

உங்கள் சட்டைகளையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. போன் மட்டும் அலமாரிக்குள் சார்ஜில் கிடக்கிறது. நீங்கள் இல்லாததை வங்கிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. உங்கள் கணக்குக் கார்டை நான் தேய்த்தால் செய்தி அதில்தான் வந்து விழுகிறது.

முன்பெல்லாம் நான் கடைப்படி இறங்குவதற்குள் கூப்பிட்டு, "என்ன வாங்கினே?" என்பீர்கள். எரிச்சலாக வரும். இப்போது ஒரு சோப்புக்கும் கார்டுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து பார்க்கிறேன்.

போன வாரம் வந்த மகள் கண்டுபிடித்துவிட்டாள். "சோப்புக்கெல்லாமா கார்டு? பேசாம காசு குடும்மா. பேங்க்ல சொல்லி மூடிடலாம்."

நியாயம்தான். நான்கு நாள் ரொக்கமாகவே கொடுத்தேன். பர்ஸ் நிறையச் சில்லறை. வீட்டில் ஒரு சத்தமில்லை.

ஐந்தாம் நாள் காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் போன் ஒலித்தது. நான் எதுவும் வாங்கவில்லையே! ஈரக்கையோடு ஓடித் திறந்தேன்.

உங்கள் கணக்கில் மகளுக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, அந்தக் கார்டு. அவள் ஆபீஸ் கேன்டீன். ஒரு டீக்கான காசு. அவளையும்தான் உடனே கூப்பிடுவீர்கள்: "வெறும் டீயா? சாப்பிடலையா?"

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கார்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். நீங்கள் கூப்பிட நேரம் இருக்கட்டும் என்று, மெதுவாகத்தான் நடந்து வந்தேன்.

இன்னும் உங்கள் செலவிலேயே இருக்கும்,
நான்