பச்சை மாவும் காய்ப்புழுவும்

ஜூன் 9, புணே

பாகல் விதைப் புரதம் கலந்த தீனியில் முப்பது காய்ப்புழு, கலக்காத தீனியில் முப்பது. இந்தச் சோதனை மறுபடியும் சரியாக வந்தால்தான் வழிகாட்டி நிம்கர் சார் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். ஜூலையோடு என் பதிவுக் காலம் முடிகிறது. ஆய்வகத்தில் தீனி தயாரிக்கும் ரக்மா எங்கள் எல்லாருக்குமே மாவ்ஷி, சித்தி. மகள் பிரசவத்துக்கு லாத்தூர் போய்விட்டாள். இரண்டு தீனிக்கும் சேரும் சோயா மாவை இந்தத் தடவை நானே அரைத்தேன்.

ஜூன் 16

இரண்டு பக்கமும் நோஞ்சான்கள். புரதம் தின்றவை வளரக் கூடாது, சரி. மற்றதுகளுக்கு என்ன கேடு?

ஜூன் 18

சார் எடைகளைப் பார்த்தார். "கேதகி, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்ப உன் புரதம் என்னத்தக் கிழிச்சுது?"

போன வருஷம் வந்த முடிவு பொய்யா? அஞ்சு வருஷம்... அத்தனையும் போச்சா? சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 23

பேத்தி பிறந்த பர்ஃபியோடு மாவ்ஷி வந்தாள். புட்டிகளை எட்டிப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"என்னடி, பிள்ளைங்க இப்படி வத்திப் போச்சு? சோயாவ வறுத்தியா?"

"வறுக்கணுமா?"

"பச்சையாவா அரைச்சே! சப்பாத்தி மாவுலகூட வறுக்காம யாராச்சும் சேப்பாங்களா? புழுவானா என்ன, வயிறு வயிறுதானே!"

தலையில் அடித்துக்கொண்டேன். பச்சை சோயாவிலும் செரிமானத்தைத் தடுக்கும் புரதம் உண்டு. பாகல் விதையின் வேலையை அதுவும் செய்யும். வறுத்தால் அடங்கிவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவள் நான்! அவள் இத்தனை வருஷம் வறுத்தே அரைத்தது எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூன் 24

வறுத்தோம். புதுப் புழுக்கள்.

ஜூலை 6

அப்பாடா! புரதம் இல்லாத பக்கம் கொழுகொழுவென்று நெளிகின்றன. பாகல் பக்கம் அரிசி அளவுதான். தின்கின்றன, உடம்பில் ஒட்டவில்லை. புட்டிகளைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்தேன்.

ஜூலை 14

செய்முறையில் 'மணம் வரும்வரை வறுத்தது' என்று எழுதியிருந்தேன். சார் அதை வட்டமிட்டு, எத்தனை டிகிரி என்று கேட்டார்.

"டிகிரியாம் டிகிரி! மூக்கு எதுக்குடி இருக்கு?" என்றாள் மாவ்ஷி. கடைசியில் அவள் கிளற, நான் வெப்பமானியைப் பிடித்தேன்.

ஜூலை 21

கையெழுத்து ஆயிற்று. நன்றிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மாவ்ஷின்னு எழுதாதே, முழுப் பேரப் போடு" என்றார் சார்.

ஐந்து வருஷம் அவள் கையால் டீ குடித்திருக்கிறேன். முழுப் பெயர் தெரியவில்லை. எழுந்து போய்க் கேட்டேன்.

"ரக்மா விட்டல் சாப்ளே," என்றாள். "எதுக்குடி?"