ஆட்டத்தைத் தவிர

வெல்டன்
10 அக்டோபர் 1976

அன்புள்ள ட்ரெவர்,

நான் நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாததுதான் குறை. நீ ஸ்கார்த்பிக்குப் போன மறுநாளே எழுத நினைத்தேன். ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியாரின் கடிதம் வீட்டுப்பாடம் போல இருக்குமோ என்று தயங்கியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

முதல் டிவிஷன் கால்பந்துக் கிளப் ஒன்று தன் இளம் ஆட்டக்காரனை நாலாம் டிவிஷனுக்கு இரவல் கொடுப்பது அவன் தேறி வருவதற்காகத்தான் என்று முடிதிருத்துபவர் சொல்கிறார். அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஜனவரியில் இரவல் முடியும், நீ இங்கே வந்துவிடுவாய் என்று நானும் எண்ணிக்கொள்கிறேன்.

சமையலறைத் தொட்டியில் நீ பூட்ஸ் கழுவுவதைப் பற்றி எவ்வளவு முணுமுணுத்திருக்கிறேன்! இப்போது தொட்டி பளிச்சென்று இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளப் பையன்களுக்குத் தங்க இடம் பார்க்கும் மிஸ்டர் ஸ்ப்ரோட் நேற்று வந்தார். "ரூம் சும்மாதானே கெடக்கு, வேற பையன அனுப்பட்டுமா?" என்றார். அது ட்ரெவரின் அறை என்று சொல்லிவிட்டேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி வின்னி இறந்தபோது, இந்தக் கிழவனிடம் பையன்களை விடலாமா என்று இதே ஸ்ப்ரோட்தான் யோசித்தார். "சமையல் மோசந்தான், ஆனா நான் போகமாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவன் நீ. அதற்கு நான் உனக்கு முறையாக நன்றி சொன்னதில்லை.

கடலோரக் காற்று பொல்லாதது. கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

அன்புடன்,
எட்வின் பெனிங்டன்

*

ஸ்கார்த்பி
2 நவம்பர் 1976

அன்புள்ள மிஸ்டர் பெனிங்டன்,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். பயிற்சி முடிந்தால் படுக்கை, விழித்தால் பயிற்சி என்று இருக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டம்மா தினமும் மீன்தான் போடுகிறார். உங்கள் வேகாத உருளைக்கிழங்கு கூட ஞாபகத்துக்கு வருகிறது.

வந்த அன்றே, புதிதாக வந்தவனுக்கான சடங்கென்று நாற்காலிமேல் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். பாடினேன். "போதும்டா, எறங்கு! கடல்நாயெல்லாம் பயந்து ஓடுது!" என்றார் கேப்டன் நார்ம். ஆட்டத்திலும் அவர் வாய் ஓயாது. நடுக்களத்தில் பந்து என்னிடம் வந்தாலே, "குடுத்துட்டு ஓடுடா! அதையே கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்பார். ஆனால் கடைசி ஆட்டம் முடிந்ததும் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதுதான் பாராட்டாம்.

முக்கியமான செய்தி: எல்லா டிவிஷன் கிளப்களும் மோதும் கோப்பைப் போட்டியில், வரும் இருபதாம் தேதி முதல் சுற்று. இரவல் ஆட்டக்காரனைக் கோப்பையில் இறக்கச் சொந்தக் கிளப் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள். வெல்டன் கிளப் சம்மதித்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் அவசியம் வர வேண்டும். உங்கள் பேரில் வாசலில் டிக்கெட் வைத்திருப்பேன். யாரிடமும் பேச வேண்டாம், பேரைச் சொன்னால் போதும்.

உங்கள்,
ட்ரெவர் ஹெஸ்கெத்

*

வெல்டன்
9 நவம்பர் 1976

அன்புள்ள ட்ரெவர்,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். டிக்கெட்டுக்கு நன்றி. இதற்குமேல் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. எழுதாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

நூலகத்தில் கோப்பையின் விதிகளைப் படித்தேன். ஒரு கிளப்புக்காகக் கோப்பையில் இறங்கியவன், அந்தப் பருவம் முழுக்க வேறு எந்தக் கிளப்புக்காகவும் கோப்பையில் ஆடக் கூடாது. முதல் டிவிஷன் கிளப்கள் ஜனவரியில்தான் கோப்பைக்குள் வருகின்றன. நீயும் அப்போதுதான் வெல்டனுக்குத் திரும்புகிறாய். இருபதாம் தேதி அங்கே ஆடிவிட்டால், ஜனவரியில் நம் ஊர் மைதானத்தில் நீ வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆடாமல் இருந்தால் உனக்கு ஒரு வாய்ப்பு மிஞ்சும். உன் மேனேஜரிடம் பணிவாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டாரா?

என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். நான் ஆட்டம் அறிந்தவனல்ல, முடிவு உன்னுடையது.

உன் அறையில் குளிர் தெரியாமலிருக்கப் புதிதாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன். மெத்தையையும் கணப்புக்கு முன்னால் போட்டு ஈரம் போக்கியாயிற்று. திரைச்சீலை நீலமா பச்சையா என்று நீ சொன்னால் கிறிஸ்துமஸுக்குள் தைக்கக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
எட்வின் பெனிங்டன்

*

ப்ரெஸ்டன்
5 டிசம்பர் 1976

மிஸ்டர் பெனிங்டன் அவர்களுக்கு,

அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை ஸ்கார்த்பி மேனேஜர் மிஸ்டர் கிரிம்ஷாவிடம் நான் யோசித்ததாகவே சொன்னேன். அவர், "ஓஹோ, முதல் டிவிஷன் துரைக்கு எங்க சேத்துல கால வைக்கக் கூசுதோ?" என்றார். மறுநாள் என் பை வாசலில் இருந்தது. நார்ம் அந்தப் பக்கம் போனார். என்னைக் கேலிகூடச் செய்யவில்லை.

வெல்டனுக்குப் போனேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோப்பைக்கு உன்ன இங்க யாருடா கூப்பிடப் போறா? நாலு பேரு கண்ணுல படட்டும், எவனாவது வாங்கிக்கட்டும்னுதானேடா ஆட விட்டேன்! அதக் கூடவா ஒருத்தர் சொல்லணும்?" என்றார். பிறகு மரியாதையாகவே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

சொந்தக் கிளப் கோப்பைக்கு விடுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். எனக்கும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. உங்கள் கடிதம் வந்ததும் வேறு மாதிரி நம்பிக்கொண்டேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. விதி நீங்கள் சொன்னபடிதான். ஆனால் கீழே அடுப்பு, மெத்தை, திரைச்சீலை என்று எழுதியிருந்தீர்களே, அதை இப்போதுதான் கவனித்துப் படித்தேன்.

வெல்டனில் பூட்ஸ் எடுக்க வந்தபோது உங்கள் தெருமுனை வரை வந்தேன். வீட்டுக்கு வரத் தோன்றவில்லை.

தோர்ன்வெல் கிளப்பில் ஜனவரி முதல் தேர்வுக்காக ஆடச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நாலாம் டிவிஷன்தான். அதுவும் போனால் அப்பாவின் அச்சகத்தில்தான் வேலை. நீங்கள் கடிதம் எழுதலாம். ஆட்டத்தைப் பற்றி மட்டும் எனக்கு இனி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

ட்ரெவர் ஹெஸ்கெத்

*

வெல்டன்
6 மார்ச் 1977

அன்புள்ள ட்ரெவர்,

நீ விதித்ததை மதிக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எதை எழுதினாலும் அது ஆட்டத்தில் போய்த்தான் முடிந்தது.

நேற்று நான் வீட்டில் இல்லை. காலை ரயிலில் தோர்ன்வெல் போனேன். உன்னிடம் டிக்கெட் கேட்கத் துணிவில்லை. வரிசையில் நின்று உள்ளே போனேன். எழுதலாம் என்று நினைப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தோர்ன்வெல் ரயில் நிலையத்தில் தேநீர் நன்றாக இருக்கிறது. அங்கே மழை பக்கவாட்டில் பெய்கிறது. என் கண்ணாடியை ஓயாமல் துடைக்க வேண்டியிருந்தது. மக்கள் ஆற்றங்கரை வழியாக மைதானத்துக்கு நடக்கிறார்கள். நானும் நடந்தேன். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் கையில் சூடான மாட்டிறைச்சிச் சாற்றுக் குவளையோடு வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, தூண் மறைக்குது" என்று என் பக்கத்தில் இடம்பிடித்துக்கொண்டார். அவருக்குச் சளி. ஆனாலும் வாய் ஓயவில்லை.

பிறகு அவர், "நடுவுல நிக்கறானே அந்தப் பொடியன், யாரு பெத்த பிள்ளைங்க அவன்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தேன். தெரியாது என்றேன்.

இடைவேளைக்குப் பிறகு, மழை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மனிதர் குவளையிலிருந்ததை எல்லாம் என் மேல்கோட்டில் கொட்டிவிட்டு, இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டார். மூச்சு முட்டியது. வின்னியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு யாரும் என்னைத் தொட்டதாக நினைவில்லை. நானும் அவரைக் கட்டிக்கொண்டேன். அந்தப் பொடியனைப் பார்த்து இருவரும் ஏதோ கத்தினோம்.

எதற்காக என்று எழுத மாட்டேன்.

அன்புடன்,
எட்வின் பெனிங்டன்