இரண்டாம் எண்ணில் இருப்பவள்

இன்று காலை மங்கலம்பேட்டையில் உன்னுடைய அளவு ஒன்றை அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மாவுக்கு பிரஷர் பார்த்து முடித்துக் கருவியைத் திருப்பியபோதுதான் ஓரத்திலிருக்கும் சின்ன விசை இரண்டில் நிற்பதைப் பார்த்தேன். பையில் எதன் மீதோ இடித்து நகர்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கருவியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு. ஒன்றில் நான், இரண்டில் நீ. அளந்ததையெல்லாம் அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். இடம் நிரம்பிய பிறகு புதிதாக ஒன்று வந்தால் ஆகப் பழையதைத் தள்ளிவிடும். உன் எண்ணில் இடம் முழுதும் நிரம்பியிருந்தது. நீ போன பிறகு ஊரிலுள்ள அத்தனை பேரையும் நான் ஒன்றிலேயே அளந்தேன். இரண்டை யாரும் தொட விடவில்லை. பொத்தானை அமுக்கினால் நீ ஒவ்வொன்றாக வருவாய். நூற்று எழுபத்தெட்டு. நூற்று எண்பத்து மூன்று. அடியில் உன் நாடித்துடிப்பு, எண்பத்தெட்டு. ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு. பைத்தியக்காரி என்று நீ திட்டுவாய். திட்டேன், கேட்கிறேன்.

கொசு ஆராய்ச்சிக்கும் பிரஷர் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கல்லூரியில் கேட்காதவர் இல்லை. சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவளே நீதான். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் தேறாத சாமான்களைக் கொட்டி வைத்திருப்பார்களே, ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கை உடைந்த பொம்மை, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மழைத்தண்ணீர், அதில் நெளியும் புழு. அந்தப் புழுக்களைக் கொசுவாக்கி, அரைத்து, உள்ளே டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று தேடுவது என் வேலை. செம்பை நடுவில் உட்காரவைத்து அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்து அணைவுச் சேர்மங்கள் செய்வது உன் வேலை. மெருகு பூசாத பீங்கான் வில்லையை உன் நீலக் கரைசலில் ஊறவைத்து, புழங்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் செம்பு மெல்லக் கசிந்து புழுவைக் கொல்லுமா? இது நம் இரண்டு பேருக்கும் பொதுவான கேள்வி. சூளைக்காரர் நம்மைப் பார்த்தாலே சிரிப்பார். "ஊர்ல எல்லாரும் நல்ல சாமானம் கேட்டு வராங்க, நீங்க ரெண்டு பேரும் ஒடஞ்சதுக்குன்னே வரீங்க."

வில்லை போட வீட்டுக்குள் போக வேண்டுமே. கொசு பார்க்க வந்திருக்கிறோம் என்றால் பாதிக் கதவுக்குப் பின்னாலிருந்தே, "எங்க வூட்ல அதெல்லாம் இல்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் இரண்டு நாள் வெயிலில் அலைந்து மூன்று வில்லை போட்டோம். மூன்றாம் நாள் நீ இந்தக் கருவியோடு வந்தாய்.

"இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாடி. பிரஷர் பாக்க வந்திருக்கோம்னு சொல்லு. நாற்காலி போடுவாங்க பாரு."

போட்டார்கள். டீயும் வந்தது. நான் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நீ பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் வில்லையைப் போட்டுவிட்டு, புழுவை எண்ணி, குடும்பக் கதை முழுவதும் கேட்டுவிட்டு வந்துவிடுவாய்.

தினமும் கிளம்புவதற்கு முன் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான். என் வேலையில் அப்படித்தான். வைரஸ் தேடும் ஒவ்வொரு முறையும், வைரஸ் இல்லவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவேன். அந்தக் குழாயிலும் வைரஸ் என்று வந்தால் சோதனையில் கோளாறு என்று அர்த்தம். அன்றைய முடிவுகளை அப்படியே கொட்டிவிட வேண்டும். அதே மாதிரி, நோயில்லாதவர்கள் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேரைத் தினமும் முதலில் அளந்தோம். ஒன்று நான். இன்னொன்று நீ.

என் கையில் எப்போதும் ஒழுங்காகக் காட்டியது. உன் கையில் முதல் நாளே நூற்று எழுபதுக்கு மேல். இரண்டு பேரும் சிரித்தோம். "ஒன் கையில நெசம் சொல்லுது, என் கையில பொய் சொல்லுது" என்றாய். நான் நோட்டில் 'கருவி கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் போட்டாய். மறுநாள் பேட்டரி மாற்றினோம். அதற்கடுத்த நாள் காற்றுக் குழாயை மாற்றினோம். பிறகு உனக்கே காரணம் கிடைத்துவிட்டது. "பட்டை சின்னதுடி. என் கை குண்டு. சின்னப் பட்டையைக் குண்டுக் கையில கட்டினா ஏத்தித்தான் காட்டும்." அது உண்மைதான், எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். கொஞ்சமும் படிக்காத இரண்டு பேராக இருந்திருந்தால் பயந்துபோய் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். நமக்குக் காரணம் கண்டுபிடிக்கும் அளவுக்குப் படிப்பு இருந்தது.

தலைவலி என்பாய். அமோனியா வாடை என்று நீயே சொல்லிக்கொள்வாய். ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி கரைசலில் குனிவாய். வெளிர்நீலத்தில் அமோனியாச் சொட்டு விழுந்து கருநீலமாகும்போது உன் முகத்தில் வரும் சிரிப்பை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். கடைசியில் ஒருநாள், "இனிமே ஒன் கையிலயே பாத்துக்கலாம், என்னால தெனமும் நேரம்தான் வீணாப் போவுது" என்றாய். சரி என்றேன். அந்த 'சரி' என் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது.

நீ வில்லை கழுவும் தொட்டியடியில் விழுந்தபோது நான் பெண்ணாடத்தில் இருந்தேன். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"இவங்களுக்கு பிரஷர் இருந்துச்சா?"

"இல்லைங்க சார்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். கருவி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் உன்னுடைய பத்தொன்பது காலைகள் இருந்தன. அந்தப் பதிலால் அந்த நேரத்தில் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு ஒரு டாக்டர் தோழி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்த 'இல்லை' இன்னும் என் காதில் கேட்கிறது. சோதனைக் குழாய்களை வரிசையாக அடுக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, பட்டையிலிருந்து காற்று உஸ்ஸென்று இறங்கும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது. காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர், "கூடவே இருந்தீங்களேம்மா, ஒரு அறிகுறி கூடவா தெரியல?" என்று கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்துவந்தேன். அதற்குப் பிறகு உன் தெருப் பக்கமே போகவில்லை. வில்லைகள் வேலை செய்தன, புழுக்கள் குறைந்தன. இதைச் சொல்லக்கூட நான் அவரிடம் போகவில்லை.

இன்றைய அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் சவுதியில். நூற்று எண்பத்தாறு காட்டியது.

"மிஷினு கெட்டுப் போயிருக்கும்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பத்தான் அவங்ககிட்ட போன்ல சண்ட போட்டேன், அதான் ஏறிருக்கும்."

அவளும் காரணம் வைத்திருந்தாள். நல்ல காரணம்தான். பெரிய பட்டையும் இப்போது பையில் இருக்கிறது, நீ போன பிறகு வாங்கியது. அதைக் கட்டி, கால் மணி நேரம் பேசாமல் உட்காரவைத்து, விசையை ஒன்றுக்கு நகர்த்தி மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை.

"மிஷினு சரியாத்தான் இருக்குது. கெளம்புங்க, நானும் கூட வரேன்."

"சோறு வடிக்கல இன்னும்."

"வந்து வடிச்சுக்கலாம்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இரண்டு கையிலும் பார்த்தார், மாத்திரை எழுதினார், இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, "நீங்க வரலன்னா நான் போயிருக்கவே மாட்டேன்க்கா" என்றாள்.

ஆய்வகத்துக்கு வந்ததும் இரண்டாம் எண்ணை அமுக்கிப் பார்த்தேன். மேலே அவள், அடியில் நீ. கருவிக்கு நீங்கள் இருவரும் ஒரே ஆள். எல்லாவற்றிலும் பழையது, அந்த முதல் காலை, போய்விட்டிருந்தது. அது இனி நோட்டில் மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியதும், நீ போனதிலிருந்து தொடாத அந்த நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். அட்டையில் உன் கட்டைவிரல் நீலம் அப்படியே இருக்கிறது.

பத்தொன்பது பக்கங்களில் 'கருவி கோளாறு.' என் கையெழுத்து. பக்கத்தில் உன்னுடையது.

நோட்டில் தவறாக எழுதியதைக் கிழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, சரியானதை எழுத வேண்டும். எழுதியவரும் சரிபார்த்தவரும் இரண்டு பேருமே கையெழுத்திட வேண்டும். நாம் கடைசிவரை மீறாத விதி அது. பத்தொன்பது இடத்திலும் கோடு போட்டேன். பத்தொன்பது இடத்திலும் 'கருவி சரி' என்று எழுதினேன். நாளைக் காலையில் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுவிட்டு வருவேன்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது, பத்தொன்பது தடவை. பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.