மை காயுமுன் பூட்டைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அச்சகம் தொடங்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர்,
தையல் கடைக்குப் பின்புறத் தரைத்தள அறை.

பெறுநர்:
தொழில் உரிம உயர் அலுவலர் அவர்கள்,
நகர அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எங்கள் சிறு அச்சகத்துக்கு வைக்கப்பட்ட முத்திரையை நீக்குதல், அதற்கு முன்பாக மை உருளைகளைத் துடைக்க அனுமதித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அச்சுக் கோப்பவள். என் நாத்தனார் புத்தகம் தைப்பவர். நாங்கள் இருவரும் வேலை பார்த்த அச்சகம் கணினிக்கு மாறியபோது, அங்கிருந்த கால்மிதி அச்சு இயந்திரத்தையும் எழுத்துப் பெட்டிகளையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை, ஆசைப்பட்டுத்தான் வாங்கினோம். அழைப்பிதழ், முகவரி அட்டை, சிறு கவிதைப் புத்தகம் ஆகியவற்றைக் கையால் அச்சிட்டுத் தருவது நாங்கள் தொடங்கவிருக்கும் தொழில்.

2. இயந்திரம் அறைக்குள் நுழையாததால் வாசல் நிலையைப் பெயர்த்து, இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி உள்ளே கொண்டுவந்தோம். திரும்ப வெளியே கொண்டுபோகும் எண்ணம் இல்லாததால் நிலையை மறுபடி வைத்துப் பூசியும் விட்டோம். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னையும் உள்ளே வெச்சுப் பூசிடாதீங்க" என்று என் கணவர் கேலி செய்தார். நாங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறோம் என்பது தங்களுக்கு விளங்கவே இதைக் குறிப்பிடுகிறேன்.

3. கடந்த திங்களன்று எங்கள் உரிம விண்ணப்பத்தின் பேரில் தங்கள் அலுவலக ஆய்வாளர் வந்தபோது நான் தாள் வெட்டக் கடைக்குச் சென்றிருந்தேன். நாத்தனார் மட்டும் இருந்தார். உருளைகளில் மை தடவி, இரும்புச் சட்டத்தில் கோத்து முடுக்கிய எழுத்துகளை இயந்திரத்தில் பொருத்தி, மாதிரித் தாளை எடுக்கவிருந்த நேரம். ஆய்வாளர் அந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்து, "இது என்ன பாஷை?" என்று கேட்டார். "தமிழ்தான் சார், திருப்பி இருக்கு" என்றார் நாத்தனார். "அப்போ எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கிறீங்களா?" என்று ஆய்வாளர் கேட்க, நாத்தனார் சிரித்துவிட்டார்.

4. ஐயா, என் நாத்தனாருக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். தன் திருமணத்தன்று அவர் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தது எங்கள் குடும்பம் முழுவதும் அறிந்த கதை. அந்தச் சிரிப்புக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகளுக்காகக் கேட்க மாட்டேன். அச்செழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் தாளில் நேராக விழும். "ஒரே ஒரு தாள் அடிச்சுக் காட்டிடறேன் சார்" என்று அவர் கெஞ்சியும், "எதையும் தொடாதீங்க" என்று சொல்லி ஆய்வாளர் அந்த எழுத்துகளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்.

5. எங்களுக்குத் தரப்பட்ட அறிக்கை நகலில் "அடையாளம் தெரியாத மொழியில் பிரசுரம்" என்றும், "மின் இணைப்பு மறைக்கப்பட்டுள்ளது" என்றும் உள்ளது. மின் இணைப்பு மறைக்கப்படவில்லை. இயந்திரத்துக்கு அது கிடையவே கிடையாது. அது காலால் மிதித்தால் ஓடும். மிதிப்பவள் நான்.

6. எனக்கு இப்போது பெரிய கவலை உருளைகளைப் பற்றியதுதான். மை தடவிய நிலையில் அவை மைத்தட்டின் மேல் அழுந்திக் கிடக்கின்றன. மை காய்ந்து இறுகினால், அழுந்திய பக்கம் தட்டையாகிவிடும். பிறகு எழுத்தில் மை சீராக ஏறாது. இப்படிப்பட்ட உருளையை வார்த்துத் தருபவர் இப்போது எவரும் இல்லை. தினமும் சன்னலின் இடுக்கு வழியே பார்க்கிறேன். கண்ணெதிரே கெடுவதைத் தொட முடியாமல் திரும்பி வருகிறேன்.

7. ஆகவே நான் கேட்பது இரண்டு. முதலாவது, தங்கள் முடிவு எதுவாயினும், உருளைகளைத் துடைத்துக் கழற்றிவைக்க உடனே அனுமதி வேண்டும். ஆய்வாளரே அருகில் நின்று பார்க்கட்டும். நாத்தனாரை வாசலில் நிறுத்திவிடுகிறேன். இரண்டாவது, ஆய்வாளர் முன்னிலையில் ஒரு தாள் அச்சிட்டுக் காட்டிய பிறகு, முத்திரையை நீக்கி உரிமம் வழங்க வேண்டும். மறுத்தால் மறுபடி மனு எழுதுவேன். அதற்கும் மறுமொழி வராவிட்டால் தங்கள் அறை வாசலில் உள்ள பெஞ்சில் வந்து உட்காருவேன். அச்சுக் கோப்பவளுக்கு நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்து பழக்கம்.

8. அந்தத் தாளை அச்சிட்டுக் காட்டும்வரை காத்திருக்க மனமில்லையெனில், அறிக்கையோடு இணைத்துள்ள புகைப்படத்தைத் தயவுசெய்து முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும். அடையாளம் தெரியாத அந்த மொழியை எளிதாக வாசிக்கலாம். அது எங்கள் அச்சகத் திறப்பு விழா அழைப்பிதழ். "உரிமம் குடுக்கிறவர்தான் முதல் தாளை எடுக்கணும்" என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்ததால், திறந்து வைப்பவர் என்ற இடத்தில் தங்கள் பதவியைக் கோத்திருக்கிறோம். நாளுக்கான இடத்தில் மட்டும் எழுத்து இல்லாத வெற்றுக் கட்டைகள் இருக்கும். தங்களைக் கேட்காமல் நாள் குறிப்பது முறையாகாது என்று விட்டுவைத்தோம்.

அந்த நாளைத் தெரிவித்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: பூட்டிய அறையின் வாசற்படி
நாள்: முத்திரை வைத்த வாரத்தின் வெள்ளிக்கிழமை

இவ்வண்ணம்,
(கையொப்பம்)
அச்சுக் கோப்பவள்

உடன் கையொப்பமிடுபவர்: நாத்தனார் (இம்முறை சிரிக்கவில்லை)